தேறிய வரி

அந்த நகரத்தில் கதை, கவிதை என்று எதையாவது எழுதிப் பார்த்த எவருக்கும் கறாரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அலுவலகச் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. 'சல்லடை' என்ற சிற்றிதழை அவர் இருபத்துமூன்று வருடங்களாக நடத்திவந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிவரும் என்று அட்டையில் போட்டிருக்கும். அதை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். முந்நூறு பிரதிகள் அச்சாகும். அதில் பாதி அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் குடியேறிவிடும். தன் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக்கொடுத்த கட்டில் இலக்கியத்தைத் தாங்குகிறதா, இலக்கியம் கட்டிலைத் தாங்குகிறதா என்று தெரியவில்லை என்பாள் அவர் மனைவி.

உண்மையைச் சொன்னால், சல்லடையில் வந்த எதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. சல்லடையில் வராததுதான் ஊரெல்லாம் பேச்சு. ஒரு படைப்பு வேண்டாமென்றால் கறார் அதைச் சும்மா விடமாட்டார். அனுப்பியவருக்குப் பச்சை மையில், பொடி எழுத்தில், கைப்பட ஒரு கடிதம் போகும்.

"உங்கள் நாவலின் முதல் இருபது பக்கங்களும் மழை பெய்கிறது. நனைந்தது நான் மட்டும்தான்."

"எட்டுக் கவிதைகள் அனுப்பியிருக்கிறீர்கள். ஏழில் நிலா வருகிறது. எட்டாவதில் அதற்கு உடம்பு சரியில்லை போலும்."

"இந்தக் கதையில் யாருமே சாகவில்லை என்பது பெருங்குறை. குறிப்பாகக் கதாநாயகன்."

இப்படி வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டு, கடைசியில் தனியாக ஒரு வரி எழுதுவார். 'தேறிய வரி' என்று போட்டு ஒரு முக்காற்புள்ளி. அதற்குப் பக்கத்தில், அனுப்பிய குப்பையிலிருந்து அவர் பொறுக்கியெடுத்த ஒரே ஒரு நல்ல வாக்கியம் இருக்கும். எவ்வளவு மோசமான எழுத்தாக இருந்தாலும் அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்காமல் உறையை ஒட்டமாட்டார். திட்டு வாங்கியவர்கள் கடிதத்தைக் கிழித்துப்போடாமல் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பகலில் இந்த மனிதர் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். பதினைந்து நாளாகக் குழாயில் காற்று வருகிறது என்று எழுதுகிறவர்களுக்கு, "தங்கள் புகார் மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்படுகிறது" என்று பதில் எழுதுவது உத்தியோகம். நாளெல்லாம் பணிவாகப் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும், மிச்சமிருக்கிற உண்மையையெல்லாம் அப்பாவி எழுத்தாளர்கள் தலையில் கொட்டுகிறார் என்பது மனைவியின் கட்சி.

தேறிய வரி இல்லாமல் அவர் எழுதியது ஒரே ஒரு கடிதம்தான். அதுதான் முதல் கடிதம். அது போனது அவருடைய சொந்தத் தம்பிக்கு.

சல்லடையின் முதல் இதழுக்குத் தம்பி ஒரு கவிதை கொடுத்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரே வீட்டில், ஒரே அறையில், பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனுக்கு அண்ணன் தபாலில் கடிதம் போட்டார். ஆசிரியர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தார். "இது கவிதை அல்ல, போக்குவரத்துத் தகவல்" என்று அந்தக் கடிதம் முடிந்தது. தம்பி அதைப் படித்தான், மடித்தான், பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். அதன் பிறகு அவன் கவிதை எழுதவில்லை. அண்ணனோடு பேசவும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் ஆனான். நகரத்தில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவன், அண்ணன் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு மட்டும் வந்ததில்லை. அந்தக் கட்டிடத்து லிஃப்ட் பழுதானால் வேறு ஆளை அனுப்புவான். வேறு ஆளுக்கு வேலை தெரியாது. ஆகவே கறார் பல வருடங்களாகப் படியேறிக்கொண்டிருந்தார்.

அண்ணன் தம்பி பேசாவிட்டால் என்ன, இரண்டு வீட்டுப் பெண்களும் தினமும் போனில் பேசினார்கள். எந்த வீட்டில் யாருக்குச் சளி என்பது உடனுக்குடன் தெரிந்தது. இப்படித்தான், கொழுந்தன் ஒரு பத்திரிகையைப் படித்து விழுந்து விழுந்து சிரிக்கிறான் என்ற செய்தியும் ஒருநாள் ஓரகத்தி வழியாக வந்து சேர்ந்தது.

அந்தப் பத்திரிகையின் பெயர் 'குப்பைக்கூடை.'

அதை ஆரம்பித்தவர் கறாருக்கு ஒன்பது வருடமாக ரத்த அழுத்த மாத்திரை கொடுத்துவந்த மருந்துக்கடைக்கார அம்மாள். அவர் புனைபெயரில் சல்லடைக்குப் பதினோரு கதைகள் அனுப்பினார்; பதினொன்றும் திரும்பி வந்தன. "உங்கள் கதையைத் தூக்க மாத்திரைக்குப் பதிலாகப் பரிந்துரைக்கலாம், பக்கவிளைவு எதுவும் இல்லை" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார் கறார், யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமலே. அந்த அம்மாள் அழவில்லை. தன்னைப் போல அடிபட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். குப்பைக்கூடைக்கு ஒரே ஒரு விதி. சல்லடை திருப்பி அனுப்பிய படைப்பு மட்டும்தான் அதில் வரும். முதல் பக்கத்தில் கறாரின் கடிதம், அடுத்த பக்கத்திலிருந்து படைப்பு. கடிதம் இல்லாமல் எதை அனுப்பினாலும் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

முதல் இதழ் ஆயிரம் பிரதிகள் போய்விட்டன. கடிதத்தைப் படித்துவிட்டுக் கதைக்கு முன்னால் மூடி வைத்தவர்களே அதிகம் என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து மாத்திரை வாங்க மனைவியை அனுப்ப ஆரம்பித்தார் கறார்.

"உன்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்காங்க, அதுவும் உன் எழுத்தை வெச்சே," என்றார் கோடு. கோடு ஓவியர். சல்லடைக்கு முதல் இதழிலிருந்து அட்டை போடுகிறவர். வெறும் கோடுகள்தான் வரைவார்; எது மேல்பக்கம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். குப்பைக்கூடைக்கும் அவர்தான் அட்டை. வெட்கமா இல்லையா என்று கேட்டதற்கு, "கோட்டுக்குக் கட்சி கிடையாதுய்யா," என்று சொல்லிவிட்டார்.

கறாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. ஏனென்றால் அவர் மேசை இழுப்பறையில் ஒரு கதை இருந்தது. பதினொரு வருடமாக எழுதி, அடித்து, மறுபடி எழுதிய நாற்பது பக்கம். தலைப்பு 'ஒரே சைக்கிள்.' இரண்டு சகோதரர்கள், அவர்களுக்கு ஒரே ஒரு சைக்கிள், பெரியவன் மிதிப்பான், சின்னவன் பின்னால் கேரியரில். அதைத் தம்பி ஒருமுறை படித்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தார். படித்தால் அவனுக்குப் புரிந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் படிக்கவைப்பது எப்படி? சல்லடை என்று அச்சிட்ட உறை எதுவாக இருந்தாலும் தம்பி பிரிக்காமல் திருப்பி அனுப்புவான். கையெழுத்தைப் பார்த்தாலே போதும், தபால்காரரை நிற்கவைத்தே திருப்பிவிடுவான். அவன் விரும்பி வாங்கி, ஒரு வரி விடாமல் படிக்கிற பத்திரிகை ஒன்றுதான். அதில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் கறார் நிராகரித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் யோசித்தார். பிறகு கணினி மையத்துக்குப் போய்க் கதையைத் தட்டச்சு செய்து, ஒரு புனைபெயர் போட்டு, தனக்குத் தானே மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

உலகத்தில் எத்தனையோ பேரை அநாயாசமாகக் கழுத்தறுத்த பேனா அன்று நகர மறுத்தது. எப்படி மனசு வரும்? பதினொரு வருட உழைப்பு. ஒரு மணி நேரம் போராடி இப்படி எழுதினார்:

"தங்கள் சிறுகதை கிடைக்கப்பெற்றோம். மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. கதையில் ஆழ்ந்த மனிதநேயம் வெளிப்படுகிறது. எனினும் இடப்பற்றாக்குறை காரணமாக வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம். தேறிய வரி: பெரும்பாலானவை."

கதையும் கடிதமும் கோடு கையில் கொடுக்கப்பட்டன. யாரோ ஒரு புது எழுத்தாளர் கொடுத்ததாகச் சொல்லச் சொன்னார். கோடு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் இரண்டும் திரும்பி வந்தன. கூடவே மருந்து உறை ஒன்றின் பின்பக்கத்தில் நாலு வரி. கறார் மாடிப்படியில் நின்றபடியே படித்தார். "கையெழுத்து அசல் மாதிரியே இருக்கிறது, கைதேர்ந்த ஆள். ஆனால் கடிதம் போலி. அவரிடம் பதினொன்று வாங்கியவள் நான், எனக்குத் தெரியாதா? இது குடிநீர் வாரியத்திலிருந்து வருகிற பதில் மாதிரி இருக்கிறது. உண்மையான மறுப்பு வாங்கி வாருங்கள், பார்க்கலாம்."

கோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"உன் கையெழுத்தையே போலின்னு சொல்லிட்டாங்களேய்யா! உனக்கே உன்னை மாதிரி எழுத வரலையா?"

"கதை நல்லாருந்தா நான் என்னய்யா பண்றது?"

"நல்லாருக்கா? நீ அதைப் படிச்சியா?"

"எழுதினவனே நான்தான்."

"எழுதினது தெரியும். படிச்சியான்னு கேட்டேன்."

கறாருக்குச் சுருக்கென்று தைத்தது. அதை வெளியே காட்டாமல் நண்பரை வழியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கறார் சட்டையைக் கழற்றிப்போட்டார். மறுப்புக் கடிதம் எழுதும்போது சட்டை போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. தபாலில் வந்த ஏதோ ஒரு கட்டைப் பிரிக்கிற மாதிரி அந்த நாற்பது பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார்.

மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி வந்தது. ஆறாம் பக்கத்தில் மழை. அண்ணன் பாத்திரம் வாயைத் திறந்தால் ஞானம் கொட்டியது. தம்பிக்கு மொத்தக் கதையிலும் ஒன்பது வசனங்கள், அதில் ஏழு "சரிண்ணா." கறாரின் உதட்டில் பழைய கோணல் சிரிப்பு வந்தது. இருபத்துமூன்று வருடப் பழக்கம், சும்மாவா? இரை கிடைத்துவிட்டால் அது தன் சொந்தக் கதை என்பதெல்லாம் மறந்துபோகிறது. பேனாவைத் திறந்தார். இந்தமுறை அது தானாக ஓடியது.

"அன்புள்ள எழுத்தாளருக்கு, 'ஒரே சைக்கிள்' படித்தேன். நாற்பது பக்கத்துக்கும் நீங்கள்தான் மிதிக்கிறீர்கள். மேடு வந்தால் மேட்டைப் பற்றி உபதேசம், பள்ளம் வந்தால் பள்ளத்தைப் பற்றி. உங்கள் அண்ணன் பாத்திரத்துக்குச் சிலை வைப்பதாக இருந்தால் மாநகராட்சியில் விண்ணப்பிக்கலாம், கதை எதற்கு? முடிவில் தம்பி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறான். எதற்கு என்று முதலிலிருந்து தேடினேன். அவன் செய்த ஒரே தப்பு இரண்டாவதாகப் பிறந்தது."

அந்த வரியை எழுதி முடித்ததும் பேனா நின்றது. எழுதியதைத் திரும்பப் படித்தார். சிரிப்பு போய்விட்டது. தான் இத்தனை வருடம் உட்கார்ந்து எழுதியது தம்பியிடம் சொல்ல நினைத்ததை அல்ல, தம்பி தன்னிடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்ததை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

இன்னும் தேறிய வரி பாக்கி. பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. பதினேழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அவருக்கு எப்போதும் பிடித்த வாக்கியம். அதற்காகவே மற்ற முப்பத்தொன்பது பக்கங்களையும் மன்னிக்கலாம் என்று நினைத்திருந்தார். பச்சை மையில் எடுத்து எழுத ஆரம்பித்தார்: 'கேரியரில் உட்கார்ந்தவனுக்கு ஊர் தெரியாது, அண்ணன் முதுகுதான் தெரியும்.'

பாதி எழுதும்போதே கை அடையாளம் கண்டுகொண்டது. இதே வரியை இதே பச்சை மையில் அவர் ஒருமுறை எடுத்து எழுதியிருக்கிறார். எழுதி, அதற்குப் பக்கத்தில், இது கவிதை அல்ல, போக்குவரத்துத் தகவல் என்று போட்டிருக்கிறார்.

"ஏங்க, தண்ணி நின்னுபோச்சு. உங்க ஆபீஸ்ல யாரைக் கேக்கணும்?" என்று வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு? மாத்திரை போட்டீங்களா?"

"அவன் வரியைத் திருடியிருக்கேன்," என்றார் கறார். "திருடினதுகூடத் தெரியாம திருடியிருக்கேன்."

எவன் என்று அவள் கேட்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்துப் படித்தாள். படித்து முடித்து, "இதைத் தபால்ல போடாதீங்க. நீங்களே மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் குடுங்க," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலம் மருந்துக்கடையில் நல்ல கூட்டம். இருமுகிறவர்கள், தும்முகிறவர்கள், மருத்துவர் எழுத்து புரியாமல் நிற்கிறவர்கள். எல்லோருக்கும் பின்னால் வரிசையில் நின்றார் கறார். அவர் முறை வந்ததும் மருந்துக்கடை அம்மாள் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார்.

"வாங்க சார். ரொம்ப நாளாச்சு. வழக்கமான மாத்திரையா?"

"அந்தப் போலிக் கடிதம் நான் எழுதினதுதான்மா. கதையும் என்னுது. இது அசல்." காகிதத்தைக் கவுண்டர் மேல் வைத்தார்.

அந்த அம்மாள் படிக்க ஆரம்பித்தார். நடுவில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தார், படித்தார். இன்னொருவருக்குப் பஞ்சு கொடுத்தார், படித்தார். சிலை என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கடைசி வரிக்கு வந்ததும் பஞ்சு கேட்டவரின் மிச்சச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். அங்கே இப்படி இருந்தது:

"தேறிய வரி: கேரியரில் உட்கார்ந்தவனுக்கு ஊர் தெரியாது, அண்ணன் முதுகுதான் தெரியும். ஆனால் அது உங்களுடையது அல்ல, உங்கள் தம்பியுடையது. அவன் அதைக் கொடுத்தபோது அதன் அருமை தெரியாத முட்டாள் ஒருவன் ஆசிரியராக இருந்தான்."

"போட்டுடறேன் சார்," என்றார் அந்த அம்மாள். பஞ்சு கேட்டவரிடம் சில்லறையைக் கொடுத்தார்.

"கதை எத்தனாம் பக்கத்துல வரும்?"

"கதை வராது. கடிதம் மட்டும்தான்."

"அது எப்படிம்மா? கடிதம் இருந்தா கதை போடணும். உங்க விதிதானே அது?"

"இவ்வளவு தெளிவா வேண்டாம்னு நீங்களே எழுதிட்டு, போடுன்னா எப்படி சார்? இதுல நீங்க சொன்னது ஒண்ணுகூடத் தப்பு இல்ல. கதையைப் படிச்சவ சொல்றேன்." மாத்திரை அட்டையை உறையில் போட்டு நீட்டினார். "என் பதினொண்ணுக்கும்கூட நீங்க சொன்னது சரிதான். அதை இன்னிக்குத்தான் ஒத்துக்கறேன். யாருக்கு எழுதினதுன்னு போடட்டும்? புனைபெயருக்கா?"

கறார் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். ஒருவருக்கும் இலக்கியத்தில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

"எனக்குன்னே போடுங்க. என் பேரு. பெத்தவங்க வெச்ச பேரு."

இதழ் வந்த அன்று முழுக்க அவர் வாரியத்தில் ஒரு கடிதம்கூட உருப்படியாக எழுதவில்லை. யாரோ ஒருவருக்கு, "உங்கள் தெருவுக்கு இந்த மாதம் தண்ணீர் வராது, நம்பி இருக்க வேண்டாம்" என்று உண்மையை எழுதி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் மனைவி போனும் கையுமாக நின்றாள்.

"வாங்கிட்டாராம். சாப்பிடும்போதே பிரிச்சு, சத்தமாப் படிச்சு, ஒரே சிரிப்பாம்."

"அப்புறம்?"

"பாதியில சிரிப்பு நின்னுடுச்சாம். லிஃப்ட் சாவியைத் தேடறேன்னு எழுந்து உள்ளே போனவரு ரொம்ப நேரமா வெளியே வரலையாம். சாவி அவரு பாக்கெட்லதான் இருந்துச்சாம்."

அதற்குமேல் தகவல் இல்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. இரண்டு வீட்டுத் தகவல் நிலையங்களும் வழக்கம்போலச் சளி, துணி, குழாய் என்று பேசிக்கொண்டிருந்தன. கறார் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஐந்தாம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது. நீல மை. சீரான, நிமிர்ந்த எழுத்து. அந்த எழுத்தைக் கறார் கடைசியாகப் பார்த்தது ஒரு கவிதையில்.

"அன்புள்ள எழுத்தாளருக்கு, தாங்கள் தங்களுக்கு எழுதிக்கொண்ட கடிதத்தைப் படித்தேன். இருபத்துமூன்று வருடம் தாமதமாக வந்திருக்கிறது. தபால் துறையைக் குறை சொல்ல முடியாது. சிலை விஷயம் நன்றாக இருந்தது. 'முட்டாள்' என்ற சொல் போதுமான அளவு அழுத்தமாக இல்லை. எங்கேயும் 'மன்னிச்சுக்கடா' என்ற சொல் வரவில்லை. அது இல்லாமல் இதை ஏற்பதற்கில்லை.

தேறிய வரி: அது உங்களுடையது அல்ல, உங்கள் தம்பியுடையது.

திருத்தி நேரில் கொண்டுவரவும். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடுகிறது."

கறார் அட்டையை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்க எழுத்து தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏய், என் வெள்ளைச் சட்டை எங்கே?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"நாற்காலி மேல இருக்கு, பாருங்க," என்றாள் அவர் மனைவி. அவள் ஏற்கனவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.